அவசரப்படாத கேள்வி

மனநல ஆலோசகரின் திறமையில் எனக்கு மிகவும் பிடித்தது, அவர் கேட்கும் முதல் கேள்வி. சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளி, மனசு சரியில்லை என்று வந்து உட்கார்வது அபூர்வம். தூக்கமில்லை, தலை பாரம், சோறு இறங்கவில்லை என்பார். தேர்ந்தவர் உடனே மனத்துக்குத் தாவமாட்டார். "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்கண்ணே?" என்பார். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன், தங்கை கல்யாணம், முதுகில் அடிபட்டதை வீட்டுக்குச் சொல்லாதது எல்லாம் அந்த வழியாகத்தான் மெல்ல வரும்.

2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் அமைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மருத்துவத்தோடு மனநல ஆலோசனையும் தருகிறது. லிட்டில் இந்தியாவில் 2008-இல் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு தொடங்கிய கஃப் ரோடு திட்டம், வேலையிழந்தவர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுவது. அது ஆலோசனை மையம் அல்ல. ஆனாலும் பசியாறியவரிடம் 'கேஸ் என்னாச்சு?' என்று விசாரிப்பதிலேயே பாதி வைத்தியம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

வந்தவரை எடைபோடாமல் ஏற்க வேண்டும் என்றார் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். நம்மவர்களுக்கு இது கடினம். 'எல்லாம் சரியாயிடும்' என்று வாய் தானாகத் திறந்துவிடும். கைதேர்ந்த ஆலோசகர், அழுபவரிடம் டிஷ்யூவைக்கூட அவசரமாக நீட்டுவதில்லை. நீட்டினால் 'போதும், நிறுத்து' என்பதுபோல் ஆகிவிடுமாம். கைக்கெட்டும் தூரத்தில் பெட்டியை முன்பே வைத்துவிடுகிறார்.