நெய்தவனும் உடுத்தியவனும்: ‘காஞ்சிவரம்’ நம்மிடம் கேட்பது

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலே பருத்தி இருக்கிறது. அவ்வட்டாரத்தின் புகழோ பட்டில் இருக்கிறது. அப்பட்டை நெய்தவரால் அதை உடுத்த முடிந்ததா என வினவியது பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008). 2007ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது.

மகளைப் பட்டுடுத்தி மணமுடிக்க உறுதிபூண்ட நெசவாளி வேங்கடம், முதலாளியின் பட்டிழையை வாயில் ஒளித்துக் கொணர்கிறான். முற்றுப்பெறாத அத்துணி, இறுதியில் அவளது உடலை மூடவும் போதவில்லை. நெஞ்சை உலுக்கும் காட்சி. ஆயினும் படம் அவன் களவையே துயரின் மையமாக்குகிறது. கூலியை அளந்தவரின் நீதி பின்னணிக்குப் போய்விடுகிறது. வறுமை வேறு, இழிவு வேறு என்பதையும் அது பிரித்துக் காட்டவில்லை. கூலி உயர்ந்தபின்னும் இழிவு எஞ்சி நிற்கும்.

இக்குறையைச் சொல்லும் நாம் நம் பாடநூல்களையும் திறந்து பார்க்க வேண்டும். திருமணப் பொருத்தம் பேசும் ‘குஃப்வு’ பகுதியில், இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ துணி வணிகரின் மகளுக்குத் தையற்காரரை நிகராக்கவில்லை. ஹனஃபி நூல்கள் சில நெசவைத் தாழ்ந்த தொழில்களில் வைத்தன. இவ்வரிசை பெரிதும் ‘உர்ஃப்’ எனும் ஊர் வழக்கைச் சார்ந்தது. வழக்கைச் சார்ந்த சட்டம் வழக்கோடு மாறும் என்பதும் ஃபிக்ஹின் விதியே. இமாம் மாலிக் (ரஹ்) மார்க்கப் பேணுதலையே பொருத்தமெனக் கொண்டார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனமோ மேன்மையை இறையச்சத்தில் வைத்தது.

நெசவாளியின் மகனுக்குப் பெண் தரத் தயங்குவோர், அத்தயக்கத்துக்கு மார்க்கத்தைச் சாட்சியாக அழைக்க வேண்டாம்.