பலகையை விட்டு விலகும் பேச்சு: சதுரங்க உலகில் பெண்கள்

முன்னுரை

சதுரங்கம் எழுதி வைக்கப்படும் ஆட்டம். போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுபவரே தாளில் குறித்து வருகிறார். அந்தத் தாள் கிடைத்தால் நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே ஆட்டத்தைப் பலகையில் மீண்டும் ஆடிப் பார்க்கலாம். பெயரை மறைத்துவிட்டால், காய்களை நகர்த்தியவர் ஆணா பெண்ணா என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆளைப் பார்க்காமல் ஆட்டத்தை மட்டும் பார்ப்பதற்கு இவ்வளவு வசதி தரும் பொழுதுபோக்குகள் குறைவு.

ஆயினும் ஒரு பெண் பலகையின் முன் அமர்ந்தால், சுற்றியிருப்போரின் பேச்சு பெரும்பாலும் பலகையை விட்டு விலகிவிடுகிறது. அவருடைய உடை, தலைமுடி, பேசும் விதம், பெண்களின் மூளை என்று அது எங்கெங்கோ செல்கிறது. இதைத் தீங்கற்ற அரட்டை என்று பலர் கருதுகின்றனர். பாலினப் பாகுபாடு வேறு, பொருளை விட்டு விலகிய வீண்பேச்சு வேறு என்று பிரித்தும் பார்க்கின்றனர். ஆனால் சதுரங்க வரலாற்றைப் படித்தால், பாகுபாடு பெரும்பாலும் இந்த வீண்பேச்சின் வடிவத்திலேயே நுழைந்திருப்பது தெரியும்.

1929: ஒரு கேலியின் கதை

பெண்களுக்கான முதல் உலகச் சதுரங்கப் போட்டி 1927-இல் லண்டனில் நடந்தது. மாஸ்கோவில் பிறந்த வேரா மென்சிக் அதில் வென்றார். 1929-இல் கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த பெரும் போட்டியில், உலகின் முன்னணி ஆண் ஆட்டக்காரர்களுடன் ஆட அவர் அழைக்கப்பட்டார். வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர் இதைக் கேலி செய்தார். மென்சிக்கிடம் தோற்பவர்களை உறுப்பினர்களாகக் கொண்டு ‘வேரா மென்சிக் சங்கம்’ ஒன்று தொடங்கலாம் என்றார். அந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினராகும் நிலை அவருக்கே வந்தது. மென்சிக்கிடம் அவரே தோற்றுப்போனார்.

இக்கதை சுவையானது. சதுரங்க நூல்கள் பலவற்றில் இது இடம்பெறுகிறது. பெண்ணை இகழ்ந்தவர் பெண்ணிடமே தோற்றார் என்று வாசகர் மகிழ்கிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்கதையில் பேசப்படுவது பெக்கரின் தோல்வியே. மென்சிக்கின் வெற்றி அன்று. அவர் எந்தத் தொடக்கத்தை ஆடினார், எந்த நகர்த்தலில் மேலோங்கினார் என்பதைக் கதை சொல்வதில்லை. அந்தப் போட்டியில் மென்சிக் கடைசி இடத்தையே பெற்றார் என்பதும், ஃபிரிட்ஸ் சேமிஷ் போன்ற வலிமையான ஆட்டக்காரரையும் அங்கே வென்றார் என்பதும் கதையில் வருவதில்லை. பின்னாளில் 1935-இல் உலக வாகையராகப் போகிற மாக்ஸ் ஊவே அவரிடம் இருமுறை தோற்றார். அப்போதும் சங்கத்திற்கு ஓர் உறுப்பினர் கூடினார் என்றே பேசப்பட்டது. 1944-இல் லண்டனில் விழுந்த ஜெர்மானியக் குண்டுக்கு மென்சிக் பலியானார். அவருடைய ஆட்டங்களை விட அந்தக் கேலியே இன்று அதிகம் அறியப்பட்டிருக்கிறது.

மூளையைப் பற்றிய தீர்ப்புகள்

கேலியை அடுத்து வந்தது ‘அறிவியல்’ போலத் தோன்றும் பேச்சு. 1960-களின் தொடக்கத்தில் பாபி ஃபிஷர், உலகின் எந்தப் பெண்ணுக்கும் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்துத் தன்னால் வெல்ல முடியும் என்றார். 1989-இல் காரி காஸ்பரோவ் ஒரு நேர்காணலில், மெய்யான சதுரங்கம் வேறு, பெண்கள் சதுரங்கம் வேறு என்ற பொருளில் பேசினார். 2015-இல் நைஜல் ஷார்ட், ஆண் மூளையும் பெண் மூளையும் வெவ்வேறாக அமைந்தவை என்று எழுதினார்.

இவற்றுக்குப் பலகையிலேயே பதில் கிடைத்தது. ஹங்கேரியின் யூதித் போல்கார் 1991-இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிக இளம் வயதில் அப்பட்டம் பெற்றவர் என்று ஃபிஷர் வைத்திருந்த சாதனையை அவர் முறியடித்தார். 2002-இல் மாஸ்கோவில் ஒரு விரைவு ஆட்டத்தில் காஸ்பரோவை வென்றார். 2005-இல் ஆண், பெண் இருபாலரும் அடங்கிய உலகத் தரவரிசையில் எட்டாம் இடத்தை எட்டினார். ஷார்ட் அவரிடம் வென்றதை விடத் தோற்றதே அதிகம். காஸ்பரோவ் பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். போல்கார் சகோதரிகள் பழைய எண்ணங்களைப் பொய்யாக்கினர் என்று ஒப்புக்கொண்டார். இந்த மாற்றம் பாராட்டத்தக்கது. ஆனால் ஒரு துறை, தன் பெண் ஆட்டக்காரர்களின் நகர்த்தல்களை ஆராய்வதற்கு முன் அவர்களின் மூளையை ஆராய இத்தனை ஆண்டுகளைச் செலவிட்டதும் குறிப்பிடத்தக்கது.

மறைக்கப்பட்ட ஆட்டங்கள்

ஜார்ஜியாவின் நோனா கப்ரின்டாஷ்விலி 1962 முதல் 1978 வரை பெண்கள் உலக வாகையராக இருந்தார். 1978-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் அவரே. ‘தி குயின்ஸ் கேம்பிட்’ என்னும் தொடர் 2020-இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. கற்பனைப் பெண் ஆட்டக்காரர் ஒருவரின் கதை அது. அதன் இறுதிப் பகுதியில் கப்ரின்டாஷ்விலியின் பெயர் வருகிறது. அவர் ஆண்களை எதிர்த்து ஆடியதே இல்லை என்று சொல்லப்படுகிறது. கதை நிகழும் 1968-க்குள் அவர் குறைந்தது 59 ஆண் ஆட்டக்காரர்களுடன் ஆடியிருந்தார் என்று அவருடைய வழக்கு மனு கூறியது. 1983-இல் வெளிவந்த மூல நாவலிலும் அப்படிப்பட்ட கூற்று இல்லை. 80 வயதில், 2021-இல், அவர் 50 லட்சம் டாலர் கேட்டு அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2022-இல் வழக்கு சமரசமாக முடிந்தது.

கற்பனைப் பெண் ஒருத்தியின் பெருமையை உயர்த்திக் காட்ட, உண்மையில் வாழும் பெண்ணின் ஆட்டங்கள் இல்லாமல் செய்யப்பட்டன. பெண்களைப் போற்றவே எழுதப்பட்ட கதையில் இது நேர்ந்தது என்பதுதான் வருத்தத்திற்குரியது. ஆட்டத் தாள்களைப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் இப்பிழை நேர்ந்திராது.

திவ்யா தேஷ்முக் எழுப்பிய கேள்வி

2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் சீ நகரில் நடந்த டாட்டா ஸ்டீல் போட்டியில் நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக் ஆடினார். அப்போது அவருக்கு வயது 18. போட்டி முடிந்ததும் அவர் சமூக ஊடகத்தில் தம் மனக்குறையை எழுதினார். தாம் பெருமைப்படும் சில ஆட்டங்களை ஆடியதாகவும், ஆனால் பார்வையாளர்கள் தம் தலைமுடி, உடை, உச்சரிப்பு ஆகியவற்றிலேயே கவனம் செலுத்தியதாகவும் அவர் கூறினார். ஆண் ஆட்டக்காரர்கள் ஆட்டத்திற்காக மட்டும் பேசப்படுகின்றனர் என்பதையும் சுட்டிக்காட்டினார்.

சிலர் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்றனர். ஆனால் திவ்யா கேட்டது சலுகை அன்று; தாம் ஆடிய ஆட்டத்தைப் பாருங்கள் என்றே கேட்டார். அதே ஆண்டு புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. திவ்யா தனிநபர் தங்கமும் பெற்றார். 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதூமி நகரில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் கோனேரு ஹம்பியை வென்று கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

தமிழ்நாட்டிலும் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னையைச் சேர்ந்த வைஷாலி ரமேஷ்பாபு 2023 டிசம்பரில் 2500 புள்ளிகளைக் கடந்து, ஹம்பி, ஹரிகா ஆகியோருக்குப் பின் கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்ற மூன்றாவது இந்தியப் பெண் ஆனார். அவர் தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கவே பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அவரைப் பார்த்துத்தான் தம்பி பிரக்ஞானந்தாவும் ஆட வந்தார். ஆயினும் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்றே வைஷாலியை அறிந்தவர்கள் பலர். இதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் இந்த அறிமுகத்தோடு பேச்சு நின்றுவிட்டால், 2023, 2025 என இருமுறை அவர் கிராண்ட் சுவிஸ் போட்டியில் வென்றது பேசப்படாமல் போகும்.

பேச்சு ஆட்டத்தைப் பாதிக்குமா?

‘பேசினால் பேசிவிட்டுப் போகட்டும், நன்றாக ஆடினால் போதாதா?’ என்று கேட்கப்படுவதுண்டு. 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. திறமையில் இணையான 42 ஆண்-பெண் இணைகள் இணையவழியே ஆடினர். எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாதபோது பெண்கள் ஆண்களுக்கு நிகராகவே ஆடினர். பெண்கள் சதுரங்கத்தில் பின்தங்கியவர்கள் என்ற எண்ணம் நினைவூட்டப்பட்டு, எதிரில் இருப்பவர் ஆண் என்றும் தெரிந்தபோது அவர்களின் ஆட்டம் வெகுவாகச் சரிந்தது. அதே ஆணைப் பெண் என்று நம்ப வைத்தபோது மீண்டும் நிகராக ஆடினர். மாறியது திறமை அன்று, மனத்தில் விழுந்த சொல்லே.

2009-இல் ஜெர்மனியின் சுமார் 1,20,000 ஆட்டக்காரர்களின் தரப்புள்ளிகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, முதல் 100 ஆண்களுக்கும் முதல் 100 பெண்களுக்கும் இடையிலான வேறுபாட்டில் 96 விழுக்காட்டை, ஆட வரும் பெண்களின் எண்ணிக்கை குறைவு என்பதே விளக்கிவிடுகிறது என்றது. இக்கணக்கீட்டு முறையைப் பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் ஏற்கவில்லை. ஆனால் சிறுமியர் ஆட வருவதும் தொடர்ந்து இருப்பதும் முக்கியம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வீண்பேச்சு அவர்களைத்தான் முதலில் விரட்டுகிறது. 2023-இல் பிரான்சில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கையொப்பமிட்ட திறந்த மடல், சதுரங்க உலகில் பெண்கள் சந்திக்கும் பாலியல் தொல்லைகளை வெளிப்படையாகப் பேசியது. சிறுமியரும் இளம்பெண்களும் ஆட்டத்தை விட்டுச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று அது கூறியது.

சில மறுப்புகள்

அழகைப் பாராட்டுவது குற்றமா என்பது முதல் மறுப்பு. பாராட்டு குற்றமன்று. ஆனால் ஐந்து மணி நேரம் உழைத்து வென்றவரிடம் உடையைப் பாராட்டினால், அந்த உழைப்பு பாராட்டப்படாமலே போகிறது.

ஆண்களின் உடையும் பேசப்படுகிறதே என்பது இரண்டாம் மறுப்பு. 2024 டிசம்பரில் நியூயார்க் போட்டியில் மாக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்து அபராதம் பெற்றதும், போட்டியிலிருந்து விலகியதும் உலகச் செய்தியாயின. ஆனால் அப்பேச்சு ஒரு விதியைப் பற்றியது. அதனால் அவருடைய ஆட்டம் மறக்கப்படவில்லை.

பெண்களுக்குத் தனிப் போட்டியும் தனிப் பட்டமும் இருப்பதே பாகுபாடு அல்லவா என்பது மூன்றாவது. இது நேர்மையான கேள்வி. பெண் ஆட்டக்காரர்களிடையிலேயே இதில் இரு கருத்துகள் உண்டு. ஆனால் இது ஆட்டத்தின் அமைப்பைப் பற்றிய விவாதம். பொருளுக்குள் நின்று பேசும் இத்தகைய விவாதம் எவ்வளவு நடந்தாலும் நல்லதே.

முடிவுரை

எல்லாப் பேச்சையும் விதியால் கட்டுப்படுத்த முடியாது. சதுரங்கம் ஆடுமிடத்தில் நகைச்சுவையும் நட்பும் இருக்கவே வேண்டும். பேசுவதற்கு முன் ஒரு சிறு சோதனை போதும்: இதே சொல்லை, இதே இடத்தில், இதே ஆட்டத்தை ஆடிய ஓர் ஆணிடம் சொல்வோமா? சொல்லமாட்டோம் எனில், பேச்சு பலகையை விட்டு விலகிவிட்டது என்று பொருள்.

பள்ளிச் சதுரங்க மன்றங்களில் இப்பழக்கத்தை எளிதாகத் தொடங்கலாம். மென்சிக், கப்ரின்டாஷ்விலி, போல்கார், ஹம்பி, வைஷாலி, திவ்யா ஆகியோரின் ஆட்டங்கள் எல்லாம் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் பலகையில் ஆடிக் காட்டி, அடுத்த நகர்த்தல் என்ன என்று மாணவர்களிடம் கேட்கலாம். விடை கண்டபின் பெயரைச் சொன்னால், அம்மாணவர்கள் அந்தப் பெயரை அந்த ஆட்டத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள்.