பிறகு செய்யும் வேலைக்கும் ஒரு நெறி: கர்னல் கால்பேக்குகளின் பாணிகளும் இலக்கணமும்

இயங்குதளத்தின் கர்னல் எல்லா வேலையையும் வந்த நொடியிலேயே முடித்துவிடுவதில்லை. நெட்வொர்க் அட்டையிலிருந்து இன்டரப்ட் வந்தால், அப்போதைக்குத் தள்ளிப்போட முடியாததை மட்டும் செய்கிறது. மீதியைச் செய்யவேண்டிய ஃபங்ஷனைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு அழைக்கிறது. அதுதான் ஒத்திவைத்த கால்பேக். "பிறகு" என்றால் எப்போது, அதை முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக வெவ்வேறு பாணிகள் வெவ்வேறு விடை சொல்லி வந்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், இந்தத் துறைக்கு எழுதாத இலக்கணம் ஒன்று இருப்பது புலப்படும்.

பழைய பாணிகள்

1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் "காலவுட்" என்றொரு சிறு அட்டவணை உண்டு. அதில் 20 இடங்கள். ஒவ்வொன்றிலும் நேரம், அழைக்கவேண்டிய ஃபங்ஷன், அதற்குக் கொடுக்கவேண்டிய மதிப்பு ஆகிய மூன்று மட்டுமே. நேரத்தை முழுதாக எழுதாமல், முந்தைய பதிவிலிருந்து எவ்வளவு தள்ளி என்று மட்டும் எழுதினார்கள். அதனால் கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் அட்டவணை முழுவதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. அந்த 20 போதாது என்பவர், தலைப்புக் கோப்பில் எண்ணை மாற்றிக் கர்னலை மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம். அன்றைக்கு இருந்த கட்டமைப்பு வசதி அவ்வளவுதான்.

விண்டோஸ் என்.டி. வேறு வழியில் போனது. அங்கே ஒத்திவைத்த அழைப்பின் பெயர் டி.பி.சி. டிரைவர் எழுதுபவர் ஒவ்வொரு டி.பி.சி.க்கும் முக்கியத்துவம் குறிக்கலாம். உயர்ந்தது வரிசையின் முன்னால் போகும். தாழ்ந்தது, அதற்கென்று அவசரமாக யாரையும் எழுப்பாமல் காத்திருக்கும். 2014இல் வந்த ஃப்ரீ.பி.எஸ்.டி. 10, எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதையும் அழைப்பவரே சொல்லும்படி செய்தது. அந்த இடைவெளிக்குள் விழும் பல கால்பேக்குகளை ஒரே விழிப்பில் முடித்துவிடலாம் என்பதே நோக்கம். இவ்விரு பாணிகளிலும் அதிகாரம் நிரலாளர் கையில் இருந்தது.

லினக்ஸ் பாணி

லினக்ஸில் சாஃப்ட்ஐஆர்க்யூ, டாஸ்க்லெட், வொர்க்கியூ எனக் கிளைகள் பல. அவற்றுள் மிகவும் செழித்தது ஆர்.சி.யு. சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜான் ஸ்லிங்வைனும் உருவாக்கிய இந்த முறை, 2002இல் லினக்ஸ் 2.5.43இல் இடம்பெற்றது. படிப்பவர் பூட்டு எதுவும் போடுவதில்லை. மாற்றுபவர் புதிய பிரதியைத் தயார்செய்து சுட்டியை அதன் பக்கம் திருப்பிவிடுவார். பழைய பிரதியை ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை உள்ள காலம் "கிரேஸ் பீரியட்". அது முடிந்த பிறகே பழையதை விடுவிக்கும் கால்பேக் ஓடும்.

இந்தக் கால்பேக்குகள் எங்கே, எத்தனை, எப்போது ஓட வேண்டும் என்ற மூன்றையும் லினக்ஸ் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. ஒரு தடவைக்கு 10 கால்பேக் என்பது வழக்கமான வரம்பு. காத்திருப்பவை 10,000ஐத் தாண்டினால் அந்த வரம்பு தளர்ந்துவிடும். இரண்டு எண்களையும் பூட் அளவுருவால் மாற்றலாம். 2013இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து, குறிப்பிட்ட சி.பி.யு.க்களின் கால்பேக்குகளைத் தனி த்ரெட்டுகளிடம் ஒப்படைக்க முடிந்தது. இடையூறே கூடாத நிகழ்நேரப் பணிகளுக்கு இது பெரிய துணை.

2023இல் 6.2 பதிப்பில் வந்தது "லேசி" விருப்பம். குரோம்ஓ.எஸ். மடிக்கணினிகளில் பேட்டரியை மிச்சப்படுத்த ஜோயல் ஃபெர்னாண்டஸும் உடன் உழைத்தவர்களும் எழுதியது. பெரும்பாலான ஆர்.சி.யு. கால்பேக்குகளின் வேலை நினைவகத்தை விடுவிப்பதுதான். அதற்காகத் தூங்கும் சி.பி.யு.வை உடனே தட்டி எழுப்பத் தேவையில்லை. தெருமுனைத் தபால்பெட்டியில் விழும் கடிதங்களைப் போல அவற்றைச் சேர்த்துவைத்து மொத்தமாக எடுக்கலாம். 10 விநாடி கடந்தாலோ, பட்டியல் பெருத்தாலோ, நினைவகம் நெருக்கடிக்கு வந்தாலோ மூட்டை கிளம்பிவிடும். உடனே போகவேண்டியதற்கு "ஹரி" என்ற தனி அழைப்பு உண்டு.

அந்தத் தனி அழைப்பு ஏன் அவசியம் என்பதை ஒரு நிகழ்வு காட்டும். நெட்வொர்க் பகுதியில் வழித்தடப் பதிவு ஒன்றை விடுவிப்பதும் ஆர்.சி.யு. கால்பேக்தான். அது ஓடும்வரை, அந்தப் பதிவு பிடித்துவைத்திருக்கும் நெட்வொர்க் சாதனத்தை நீக்க முடியாது. லேசியை இயக்கியதும் அந்தக் கால்பேக் விநாடிக்கணக்கில் காத்திருக்க, சாதனத்தைக் கலைக்கும் கட்டத்தில் ஒரு நெட்வொர்க் சோதனை தோற்றது. அந்த ஓரிடத்தை ஹரி அழைப்பாக மாற்றியதும் சரியானது. ஸ்கஸி பிழைகையாளும் பகுதியிலும், வொர்க்கியூவிலும் இதே திருத்தம் செய்தார்கள். நினைவகத்தை விடுவிப்பது காத்திருக்கலாம். வேறொருவரை எழுப்பும் கால்பேக் காத்திருக்கக் கூடாது.

தேறும் இலக்கணம்

முதல் விதி: காலத்தைக் கட்டமைக்கலாம், உறுதிமொழியைக் கட்டமைக்கக் கூடாது. எந்த விருப்பத்தைப் போட்டாலும் கிரேஸ் பீரியட் முடியுமுன் கால்பேக் ஓடாது. இது சலுகைக்கு அப்பாற்பட்டது.

இரண்டாவது: தாமதத்துக்கு மேல்வரம்பு வேண்டும், வரம்பு வருமுன்பே அதை உடைக்கும் வழியும் வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு முடிவும் அதை அறிந்தவர் கையில் இருக்க வேண்டும். இந்தக் கால்பேக் அவசரமா என்பது அதை எழுதியவருக்குத் தெரியும். இந்தக் கணினி பேட்டரியில் ஓடுகிறதா, தரவு மையத்தில் ஓடுகிறதா என்பது அதை நிர்வகிப்பவருக்குத்தான் தெரியும். லேசி முதலில் கம்பைல் செய்யும்போது மட்டும் தேர்ந்தெடுக்கும் விருப்பமாக வந்தது. ஆனால் டிஸ்ட்ரோக்கள் மடிக்கணினிக்கும் சர்வருக்கும் ஒரே கர்னலைத்தான் தருகின்றன. ஆகவே பின்னர் அதைப் பூட் அளவுருவால் மாற்றவும், கம்பைல் செய்தும் அணைத்தே வைத்திருக்கவும் வழி செய்தார்கள். அழைப்பிடத்தில் நிரலாளர், கம்பைலில் டிஸ்ட்ரோ, பூட்டில் நிர்வாகி என்ற இந்த மூவர் ஏற்பாடுதான், என் மதிப்பீட்டில், இதுவரை எட்டிய சிறந்த தரம்.

நான்காவது விதி பராமரிப்பைப் பற்றியது. சேர்க்கும் ஒவ்வொரு விருப்பமும் சோதிக்கவேண்டிய கர்னல்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குகிறது. ஆர்.சி.யு. குழுவினர் இதை உணர்ந்து, வெவ்வேறு கட்டமைப்புகளில் கர்னலை ஓட்டிப் பிழிந்தெடுக்கும் ஆர்.சி.யு.டார்ச்சர் சோதனைத் தொகுப்பை மூலநிரலோடே வைத்துப் பேணுகிறார்கள்.

கர்னலில் கைவைக்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஒரு விருப்பம் சேர்த்தால், அதைப் போட்டும் அணைத்தும் சோதியுங்கள். யாருக்காக, எந்த நிலையில் மாற்றவேண்டும் என்பதை அளவுரு ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாத விருப்பத்தை, எவ்வளவு மின்சாரம் மிச்சமானாலும், கர்னலுக்குள் சேர்க்காதீர்கள்.