சிஸ்லாக்: சர்வர் பதிவேட்டின் அமைவு – ஒரு மதிப்பீடு

சிஸ்லாக் என்பது வலையமைப்பில் இயங்கும் சர்வர்கள் தமக்குள் நிகழ்வதைச் சிறு செய்திகளாக எழுதிவைக்கும் முறையின் பெயர். யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், யாருடைய கடவுச்சொல் தவறாக இருந்தது, எந்த மின்னஞ்சல் திரும்பி வந்தது, எந்த வட்டு நிரம்பியது என்ற விவரங்கள் ஒரு கோப்பில் வரிவரியாகச் சேர்கின்றன. எதை எழுதுவது, எங்கே எழுதுவது, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைச் சர்வரை நிர்வகிப்பவர் அமைவுக் கோப்பில் குறிக்க வேண்டும். அவர் குறிக்காவிட்டால், மென்பொருளைத் தொகுத்தவர் வைத்துவிட்டுப்போன இயல்பிருப்பு அமைவே நடைமுறையாகிவிடும். அந்த இயல்பிருப்பு யாருக்குப் பயன்படுகிறது, யாரைக் கைவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தோற்றம்

1980களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதினார். அதன் செய்திகளைப் பதிந்துவைக்க அவர் செய்த துணைக் கருவிதான் சிஸ்லாக். அது எளிமையாக இருந்ததால் மற்ற மென்பொருள்களும் அதையே எடுத்துக்கொண்டன. நெடுங்காலம் அதற்கு எழுதப்பட்ட இலக்கணம் எதுவும் இல்லை. 2001 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 3164 என்ற ஆவணம், அதுவரை வழக்கத்தில் இருந்ததைத் தொகுத்துச் சொன்னது. முறையான இலக்கணம் 2009 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 5424 ஆக வந்தது. அதை எழுதிய ரைனர் கெர்ஹார்ட்ஸ், 2004இல் ஆர்சிஸ்லாக் என்ற கட்டற்ற மென்பொருளைத் தொடங்கியவர். லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் இன்றும் அதுவே பதிவேட்டை எழுதுகிறது.

அமைப்பு

ஒவ்வொரு சிஸ்லாக் செய்தியின் தலையிலும் ஓர் எண் இருக்கும். செய்தி எந்தப் பிரிவிலிருந்து வருகிறது, அதன் கடுமை எவ்வளவு என்ற இரண்டையும் அந்த ஓர் எண் சொல்லிவிடும். பிரிவுகள் 0 முதல் 23 வரை 24. கடுமை நிலைகள் 0 முதல் 7 வரை எட்டு. பிரிவின் எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமையின் எண்ணைக் கூட்ட வேண்டும். மின்னஞ்சல் பிரிவு 2, வார்னிங் நிலை 4 என்றால் தலைப்பெண் 20. விடையை எட்டால் வகுத்தால் ஈவு பிரிவையும் மீதி கடுமையையும் தரும். ஏழாம் வகுப்பு மாணவர் போடக்கூடிய கணக்கு.

கடுமை நிலைகளின் வரிசை: எமர்ஜென்சி, அலர்ட், கிரிட்டிகல், எரர், வார்னிங், நோட்டீஸ், இன்ஃபோ, டீபக். எண் சிறியதானால் கடுமை அதிகம். மதிப்பெண் போல நினைத்தால் குழப்பம் வரும். வகுப்பு ரேங்க் போல நினைத்தால் சரியாக வரும். அமைவுக் கோப்பில் ஒரு பிரிவுக்கு 'வார்னிங்' என்று எழுதினால், வார்னிங்கும் அதைவிடக் கடுமையானவையும் பதிவாகும்; அதற்குக் கீழே உள்ள மூன்று நிலைகளும் விடுபடும்.

கடுமை நிலையில் உள்ள குறை

பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தப் போகிறவர்களுக்கு விடைக்குறிப்பு ஒன்று தரப்படும். அது இல்லாவிட்டால் சேலத்தில் திருத்தியவர் போட்ட ஐந்து மதிப்பெண்ணும் நாமக்கல்லில் திருத்தியவர் போட்ட ஐந்தும் ஒன்றாகாது. சிஸ்லாக்கின் கடுமை நிலைகளுக்கு அத்தகைய விடைக்குறிப்பு கிடையாது. செய்தியை அனுப்பும் மென்பொருளை எழுதியவர் தமக்குத் தோன்றிய எண்ணைப் போடுகிறார். பிரிவு, கடுமை ஆகியவற்றின் மதிப்புகள் வழக்கில் உள்ளவையே, கட்டாய விதியல்ல என்று ஆர்.எஃப்.சி. 5424 தானே ஒப்புக்கொள்கிறது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பெரும்பாலும் பயன்படுவது ஓப்பன்எஸ்எஸ்எச். கடவுச்சொல் கொடுத்து ஒருவர் நுழைந்தாலும், தவறாகக் கொடுத்துத் திரும்பினாலும், அந்தச் செய்தியை அது இன்ஃபோ நிலையிலேயே எழுதுகிறது. வட்டில் இடத்தை மிச்சப்படுத்த நினைக்கும் நிர்வாகி 'வார்னிங்குக்கு மேல் போதும்' என்று அமைத்தால், யார் வந்தார் யார் போனார் என்ற வரிகள் எல்லாம் மறைந்துவிடும். மென்பொருள் எழுதியவரின் பார்வையில் ஒருவர் உள்ளே வந்தது சாதாரணத் தகவல். பின்னால் விசாரிக்க வருபவருக்கு அதைவிட முக்கியமான வரி வேறில்லை. நுழைவுப் பிரிவுக்கு மட்டும் இன்ஃபோ வரை பதியும்படி தனியாக எழுதிவைப்பதே இதற்குத் தீர்வு.

நேர முத்திரை

ஆர்.எஃப்.சி. 3164 விவரித்த பழைய வடிவத்தில் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி உண்டு. ஆண்டு இல்லை, எந்த நாட்டு நேரம் என்ற குறிப்பும் இல்லை. ஒரு வார ஏட்டுக்கு இது போதும். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தால் அந்த மார்ச் 3 எந்த மார்ச் 3 என்று கோப்பின் பெயரையோ வேறு எதையோ பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஆர்.எஃப்.சி. 5424 இரண்டு குறைகளையும் தீர்த்தது. யூனிகோடுக்கும் இடம் தந்ததால் தமிழில் எழுதிய பெயரும் செய்திக்குள் சிதையாமல் நிற்க வழி பிறந்தது. ஆனால் தரம் வந்த உடனே பழக்கம் மாறவில்லை. டெபியன் லினக்ஸில் ஆர்சிஸ்லாக் எழுதும் கோப்புகள், 2023 ஜூனில் பதிப்பு 12 வரும்வரை பழைய நேர வடிவத்தையே இயல்பிருப்பாகக் கொண்டிருந்தன. இடையில் போனவை 14 ஆண்டுகள்.

நான்கு வாரமும் 180 நாளும்

பதிவுக் கோப்பு வளர்ந்துகொண்டே போனால் வட்டு நிரம்பும். அதைத் தடுக்க லாக்ரொட்டேட் என்ற கருவி குறித்த இடைவெளியில் புதிய கோப்பைத் தொடங்கிப் பழையதை ஒதுக்கி, மிகப் பழையதை அழிக்கிறது. உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் அதன் பொது அமைவு: வாரம் ஒரு கோப்பு, பழையவை நான்கு. அதே தொகுப்புகள் தரும் என்ஜின்எக்ஸ் வலை சர்வரின் அமைவு: நாளுக்கு ஒரு கோப்பு, பழையவை 14.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் பள்ளியின் சிறிய சர்வரில் ஏற்றப்பட்டிருந்தன. பிப்ரவரி மாதம் ஒரு பெற்றோர் விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சில மாணவர்களின் எண்கள் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. மதிப்பெண் மென்பொருள் கடைசியாக ஏற்றிய எண்ணை மட்டுமே வைத்திருக்கும்; எப்போது மாறியது என்று சொல்லாது. சந்தேகம் தற்காலிகப் பணியில் இருந்த கணினி இயக்குநர் மீது விழுந்தது. "சார், மார்க் ஏத்தி முடிச்ச மறுநாளே அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டேன். நாலு நாள் நான் இங்கேயே இல்லை" என்று அந்தப் பெண் சொன்னார். வருகைப் பதிவேட்டில் அந்த நான்கு நாள் விடுப்பு மையில் இருந்தது. அந்த நாட்களில் சர்வருக்குள் யாராவது நுழைந்தார்களா, எந்தக் கணினியிலிருந்து நுழைந்தார்கள் என்பதைக் காட்டியிருக்க வேண்டிய ஏட்டில் நான்கு வாரத்துக்கு முந்தைய வரி ஒன்றும் இல்லை. யாரும் அழிக்கவில்லை, அமைவு தன் வேலையைச் செய்திருந்தது. விசாரித்த மூவரில் நானும் ஒருவன். 'உறுதிப்படுத்த இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டோம். அந்தப் பெண் அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றார். அவர் செய்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது என்பது மட்டும் தெரியும்.

பதிவேடு திருடனைப் பிடிக்க உதவும் என்றே பாடங்களில் சொல்கிறார்கள். பழி விழுந்தவரை விடுவிக்கவும் அதே ஏடுதான் வேண்டும். குற்றம் செய்தவர் ஏட்டை அழிக்கப் பார்ப்பார். செய்யாதவருக்கு அதைத் தவிர வேறு சாட்சி இருக்காது. எத்தனை வாரம் வைப்பது என்ற சிறிய எண்ணில் இவ்வளவு அடங்கியிருக்கிறது.

இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் 28 ஏப்ரல் 2022 அன்று வெளியிட்ட நெறிமுறை, சேவை வழங்குநர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியவை தம் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு கடிகாரத்தை ஒத்துவைக்கவும், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. ஒரு தனியார் பள்ளி இந்த வரையறைக்குள் வருமா என்பது சட்டம் படித்தவர்கள் வாதிட வேண்டியது. தேவை எல்லோருக்கும் ஒன்றுதான். நான்கு என்ற இடத்தில் 26 என்று எழுதினால் 26 வாரம், அதாவது 182 நாள் கிடைக்கும். பழைய கோப்புகளைச் சுருக்கிவைக்கும் வசதியும் லாக்ரொட்டேட்டிலேயே இருப்பதால் சிறிய சர்வருக்கு இது பெரும் சுமையாகாது. தனக்கென அமைவு வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதைத் தனித்தனியே மாற்ற வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

டெபியன் 12 முதல் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை; சிஸ்டம்டி ஜர்னல் அந்த வேலையைச் செய்கிறது. அது நாளால் அளப்பதில்லை, இடத்தால் அளக்கிறது. வட்டின் பத்தில் ஒரு பங்கு, அதிகபட்சம் 4 ஜிபி என்பது அதன் இயல்பிருப்பு. எத்தனை நாள் நினைவு இருக்கும் என்பது எவ்வளவு செய்தி வருகிறது என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து ஒருவர் ஓயாமல் தவறான கடவுச்சொல் அடித்துக்கொண்டே இருந்தால் பழைய வரிகள் விரைவாக வெளியேறும். இடக் கணக்கு நிர்வாகிக்கு வசதியானது. விசாரிப்பவருக்கு நாள் கணக்குதான் உதவும்.

ஏடு இருக்கும் இடம்

லாரி புக்கிங் ஆபீஸில் சரக்கு ஏற்றும்போது எழுதும் ரசீதை ஒரே பிரதியாக எழுதி ஓட்டுநர் கையில் மட்டும் கொடுத்துவிடுவதில்லை. அனுப்புபவரிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று இருக்கும். வண்டி வழியில் கவிழ்ந்தாலும் என்ன ஏற்றினோம் என்பது தெரியும். சர்வரின் பதிவேட்டை அதே சர்வரில் மட்டும் வைப்பது ஓட்டுநரிடம் மட்டும் ரசீது இருப்பதற்குச் சமம். உள்ளே புகுந்து நிர்வாகி உரிமையைப் பெற்றவர் முதலில் அழிப்பது தம் காலடித் தடத்தை.

செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பிவைக்கும் வசதி சிஸ்லாக்கில் உண்டு. ஆனால் அதன் பழைய வழி யூடிபி 514ஆம் போர்ட். அதில் செய்தி சேர்ந்ததா என்ற ஒப்புதல் கிடையாது. வழியில் தொலைந்தால் இரு பக்கமும் அறியாது. மறைகுறியாக்கமும் இல்லாததால் நடுவில் இருப்பவர் படிக்கலாம். 2009இல் ஆர்.எஃப்.சி. 5425 மறைகுறியாக்கிய டிஎல்எஸ் வழியை 6514ஆம் போர்ட்டில் வகுத்தது. ஆர்சிஸ்லாக்கில், எதிர்முனைக் கணினி நின்றுபோனால் செய்திகளை வட்டில் வரிசையாகச் சேர்த்துவைத்துப் பின்னர் அனுப்பவும் அமைக்கலாம். இவை எதுவும் தானாக நடக்காது. நிர்வாகிதான் எழுத வேண்டும்.

மிகுதியாக எழுதுவதன் தீங்கு

அப்படியானால் எல்லாவற்றையும் டீபக் நிலை வரை எழுதிவைக்கலாமே என்று தோன்றும். அதுவும் ஆபத்து. 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கு மேற்பட்ட பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைக்கப்படும் முன்பே உள்பதிவுக் கோப்பு ஒன்றில் அப்படியே எழுதப்பட்டிருந்ததே காரணம். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஜே ஓட்டை இன்னொரு பாடம். ஜாவா மென்பொருள்களில் பதிவு எழுதப் பயன்படும் அந்த நிரல் நூலகம், செய்திக்குள் இருந்த குறியீட்டைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து நிரலைக் கொண்டுவந்து இயக்கியது. அதன் அபாய மதிப்பு பத்துக்குப் பத்து. ஏட்டில் எழுத வேண்டியதை எழுத்தர் உத்தரவாக எடுத்து நிறைவேற்றியது போன்றது அது.

யார் எந்தப் பக்கத்தை எப்போது பார்த்தார் என்பதும் ஒருவரது அந்தரங்கம். பள்ளியின் நகர்வுப் பதிவேட்டில் ஆசிரியர் வெளியே போன நேரமும் காரணமும் இருக்கும். வழியில் யாரோடு பேசினார் என்பது இருக்காது. சர்வர் ஏட்டுக்கும் அந்த எல்லை வேண்டும். நுழைவு, வெளியேற்றம், உரிமை மாற்றம், தரவு மாற்றம் ஆகியவை போதும். கடவுச்சொல்லும் கடிதத்தின் உள்ளடக்கமும் கூடாது.

மதிப்பீடு

ஒரு மின்னஞ்சல் மென்பொருளின் துணைக் கருவியாகத் தொடங்கியது நாற்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது என்றால் அதன் எளிமையே காரணம். எந்த ஊரில் செய்த கருவியும் இன்னொன்றோடு பேச அது வழி செய்தது. அதன் இயல்பிருப்புகள் வட்டு நிரம்பாமல் சர்வரை ஓடவைக்க வகுக்கப்பட்டவை. அந்த நோக்கத்தை நன்றாகவே நிறைவேற்றுகின்றன. சர்வருக்கு அருகே உட்கார்ந்து வேலை செய்பவரின் நியாயம் அந்தக் கணக்கில் இல்லை.

செர்ட்-இன் நெறிமுறை நாளின் எண்ணிக்கையைச் சொன்னது நல்லது. எந்த நிலை வரை பதிய வேண்டும் என்பதையும் எளிய மாதிரி அமைவாகத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தந்தால், ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்கும் சிறிய பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பயன்படும். அதுவரை, சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏட்டின் மிகப் பழைய வரியைத் திறந்து அதன் தேதியைப் பார்க்க வேண்டும். பழி விழுகிற ஒருவருக்காக அந்த சர்வரால் எவ்வளவு தூரம் பின்னோக்கிச் சாட்சி சொல்ல முடியும் என்பதை அந்தத் தேதி காட்டும்.