நவீன நடனத்தின் நுட்பமுறையும் கருத்துநிலையும்: சில அவதானிப்புகள்

மேனாட்டு நவீன நடனத்தின் அடிப்படைகளை விளக்கப் புகுவோர் பெரும்பாலும் உடற்கூற்றிலிருந்தே தொடங்குவர். முதுகெலும்பு, மூச்சு, உடலின் எடை, தரையோடு பாதம் கொள்ளும் உறவு என்பன வரிசையாக எடுத்துரைக்கப்படும். இவை தவறானவை அல்ல. ஆயின், உடற்பயிற்சி விதிகளைப் போல் இவற்றைக் கற்பிக்கும்போது, இவ்வடிப்படைகள் எக்காலத்தில், எவரால், எதற்கு எதிராக வகுக்கப்பட்டன என்ற வினா மறைந்துவிடுகிறது. நுட்பமுறை நடுநிலையானது என்ற எண்ணம் இவ்வாறே நிலைபெறுகிறது. அதனை நாம் ஏற்பதற்கில்லை.

அரசவைகளில் வளர்ந்த பலே நடனம் உடலின் எடையை மறைக்க முயன்றது. நவீன நடனமோ எடையை ஒப்புக்கொண்டது. டொரிஸ் ஹம்ப்ரி, வீழ்தலும் மீள்தலும் என்ற இரு நிலைகளுக்கிடையே நிகழும் தத்தளிப்பையே நடனமாகக் கண்டார். மார்த்தா கிறஹாமின் முறையில் இயக்கத்தின் ஊற்று இடுப்புப் பகுதியாகும். மூச்சு வெளியேறுகையில் அடிவயிறு உள்வாங்க முதுகு வளைகிறது. மூச்சு உட்புகுகையில் உடல் நிமிர்ந்து விரிகிறது. சுருக்கம், விடுவிப்பு எனப்படும் இவ்விரண்டும் சேர்ந்து என்ன செய்ய வல்லன என்பதற்கு, 1930இல் அவர் ஆடிய 'லமென்ரேஷன்' என்ற தனிநடனம் சான்றாகும். குழாய் போன்ற துணிக்குள் ஒரு வாங்கில் அமர்ந்தவாறே அவர் அதனை ஆடினார். அங்கு துயருற்ற ஒருத்தியின் கதை சொல்லப்படுவதில்லை; துயரின் இழுவிசையே துணியின் மடிப்புகளிற் புலனாகிறது.

இனி ஜேர்மனிக்கு வருவோம். 1920இல் டிரெஸ்டனில் பள்ளியொன்றைத் தொடங்கிய மேரி விக்மன், இறுக்கமும் தளர்வும் என்ற எதிர்நிலைகளின்மீது தம் பயிற்சியை அமைத்தார். அவர் மாணவியான ஹன்யா ஹோம், 1931இல் நியூயோர்க்கில் விக்மன் பள்ளியின் கிளையைத் திறந்தார். அங்கு பயின்ற இளம்பெண்கள் சிலரே 1932இல் 'நியூ டான்ஸ் குறூப்' என்ற இடதுசாரி நடனக் குழுவை நிறுவினர். பொருளாதார நெருக்கடி கடுமையாயிருந்த காலம் அது. 10 சதம் கொடுத்தால் மூன்று மணித்தியால வகுப்பு. முதல் மணித்தியாலம் நுட்பப் பயிற்சி. அடுத்தது சமூகப் பொருளொன்றை வைத்து இயக்கங்களை ஆக்கிப் பார்த்தல். மூன்றாவது அரசியற் கலந்துரையாடல். நடன வகுப்பென்பதற்கு இதைவிடச் சிறந்த வரைவிலக்கணத்தை நாம் அறியோம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1936இல், அதே நுட்பமுறையின் தாயான விக்மன், நாஸி அரசு நடத்திய பேர்ளின் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கென இறந்தோர்க்கான புலம்பல் ஒன்றை அமைத்தளித்தார். வீரர் பலியை மகிமைப்படுத்தும் காட்சியின் ஒரு கூறாக அது அமைந்தது. கிறஹாமோ பேர்ளினிலிருந்து வந்த அழைப்பை மறுத்தார். அவ்வாண்டின் இறுதியில் போரின் அவலத்தைப் பொருளாகக் கொண்ட 'குறொனிக்கிள்' என்ற நடனத்தை மேடையேற்றினார். ஹோம் தம் பள்ளியின் பெயரிலிருந்து விக்மனின் பெயரை நீக்கினார். (அதே ஒலிம்பிக்கிற்கென லாபன் தயாரித்த கூட்டு நடனத்தை ஒத்திகையிற் பார்த்த கொயபல்ஸ் தடைசெய்தது உண்மையே. அதுகொண்டு லாபனைப் பாசிச எதிர்ப்பாளர் எனல் பொருந்தாது. அதுவரை அவர் அவ்வரசின் நடனப் பணிகளை ஏற்று நடத்தியவரே.)

ஒரே இறுக்கமும் தளர்வும் இரு வேறு முகாம்களுக்குப் பயன்பட்டனவெனின், நுட்பம் நடுநிலையானதென்பது மெய்ப்பிக்கப்பட்டதாகாதா என வினவலாம். எமது கருத்தில் அவ்வாறன்று. எடையை ஒப்புக்கொண்ட உடல் துயரையும் திரளையும் வலிமையுடன் காட்டக்கூடியது. அவ்வலிமையே இரு சாராரையும் ஈர்த்தது. விளையாட்டரங்கில் ஆடுவோர் மேலிருந்து நோக்குவோரின் கண்ணுக்கு ஒழுங்குபடுத்தப்பட்ட திரளாயினர். நியூயோர்க் வகுப்பிலோ ஆடியவர் இரண்டாம் மணித்தியாலத்தில் ஆக்குபவராகவும் மூன்றாவதில் வினவுபவராகவும் மாறினார்.

அக்கால இடதுசாரி விமர்சகர் சிலர் கிறஹாமின் நுட்பத்தை அகவயமானதென ஒதுக்கியமை அவசர முடிவென்றே கூறவேண்டும். அவரிடம் பயின்ற அன்னா சொக்கலோ, சோஃபி மாஸ்லோ, ஜேன் டட்லி ஆகியோர் அந்நுட்பத்தைக் கொண்டே தொழிலாளர் மத்தியில் ஆடினர்.

கிறஹாமின் குழுவிலிருந்து 1945இல் விலகிய மேர்ஸ் கனிங்ஹம், முதுகெலும்பின் வளைவையும் திருகலையும் உணர்ச்சியினின்று பிரித்தெடுத்தார். இயக்கம் இயக்கத்தையே குறிக்கும் என்றார். 1953இல் அவர் தம் குழுவைத் தொடங்கியபோது, அமெரிக்கக் கலைஞர்கள் தம் பழைய அரசியல் தொடர்புகளுக்காக விசாரணைக் குழுக்களின் முன் அழைக்கப்பட்டுக்கொண்டிருந்தனர். ஒன்று மற்றதன் விளைவெனக் கூற நாம் துணியோம். ஆயினும், இன்று பல்கலைக்கழக வகுப்புகளில் 'தூய' அடிப்படைகளாகக் கற்பிக்கப்படுபவற்றுட் பல அவ்வாண்டுகளில் உருப்பெற்றவையே.