மத்தேயுவின் கிறிஸ்துமஸும் மூன்று திரைப்படங்களும்

கிறிஸ்து பிறப்பின் காலத்தில் ஆலய வளாகங்களிலும் இல்லங்களிலும் காட்டப்படும் திரைப்படங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. பனி, விளக்கலங்காரம், பிரிந்த குடும்பம் ஒன்று சேர்தல், கடின நெஞ்சன் ஒருவன் கடைசி நேரத்தில் இளகுதல் ஆகியவை இன்றி அவை முடிவதில்லை. அவற்றை நாம் வெறுக்கவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து காண்பதற்கு அவை ஏற்றவையே. ஆயினும் அருளுரைக்கு ஆயத்தம் செய்யும் போதகருக்கு அவற்றால் பயன் குறைவு. அவை லூக்காவின் முன்னணையைப் பாதியளவே அறிந்தவை. மத்தேயு எழுதிய பிறப்பு வரலாற்றை அறவே அறியாதவை. கலங்கி நிற்கும் யோசேப்பு, அஞ்சும் அரசன், கொல்லப்பட்ட குழந்தைகள், இரவோடிரவாக எகிப்துக்கு ஓடும் குடும்பம் ஆகியோருக்கு அக்கதைகளில் இடமில்லை. நமது பிரசங்க பீடங்களிலும் அவர்களுக்கு இடம் மிகுதி என்று சொல்வதற்கில்லை. திருச்சபை நாட்காட்டி டிசம்பர் 28ஆம் நாளை அக்குழந்தைகளின் நினைவுக்கென ஒதுக்கியிருந்தும், ஆண்டிறுதி ஆராதனைக்கான ஏற்பாடுகளுக்கிடையே அந்நாள் ஓசையின்றிக் கடந்துவிடுகிறது.

இக்குறையைத் திரையில் நிறைவு செய்தவர் ஒரு விசுவாசி அல்லர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இத்தாலியக் கவிஞரும் இயக்குநருமான பியர் பாவ்லோ பசோலினி மார்க்சியவாதி. தம்மை நாத்திகர் என்றே கூறிக்கொண்டவர். 1962ஆம் ஆண்டு அவர் அசிசி நகரில் தங்கியிருந்தபோது, திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் வருகையால் தெருக்கள் நெரிசலுற்றன. வெளியே செல்ல இயலாத நிலையில், அறையில் கிடைத்த சுவிசேஷத்தை அவர் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்தார். அடுத்த ஆண்டில், அவருடைய வேறொரு படத்திற்காக, சமயத்தை இழிவுபடுத்தினார் என்று நீதிமன்றம் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கடுத்த ஆண்டாகிய 1964இல் ‘மத்தேயு எழுதிய சுவிசேஷம்’ வெளிவந்தது. அது அத்திருத்தந்தையின் நினைவுக்கே அர்ப்பணிக்கப்பட்டிருந்தது.

படத்தின் தொடக்கக் காட்சியே நாம் இங்கு முதன்மையாகக் கருதுவது. ஓர் இளம்பெண்ணின் முகம்; எதிரே ஓர் ஆணின் முகம். உரையாடல் இல்லை. பின்னர் அப்பெண்ணின் முழு உருவம் தெரிகிறது, அவள் கருவுற்றிருக்கிறாள். யோசேப்பு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்துவிடுகிறான். வழியில், சிறுவர் விளையாடும் ஓரிடத்தில் அயர்ந்து கண்மூடுகிறான். விழிக்கையில் தூதன் நிற்கக் காண்கிறான். வெண்ணாடை அணிந்த ஓர் இளம்பெண்ணே அத்தூதன், சிறகுகள் இல்லை. செய்தியைக் கேட்டவன் வீடு திரும்புகிறான். மீண்டும் இரு முகங்கள். இம்முறை இருவரிடமும் புன்னகை அரும்புகிறது.

மத்தேயுவின் முதலிரு அதிகாரங்களில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை, மரியாளும் பேசுவதில்லை. அந்த மௌனத்தைப் பசோலினி அப்படியே விட்டிருக்கிறார். படத்தில் பேசப்படுபவை பெரும்பாலும் மத்தேயுவின் வாசகங்களே. இடைவெளிகளை நிரப்ப அவர் உரையாடல் புனையவில்லை. நமது கிறிஸ்துமஸ் நாடகங்களில் யோசேப்பு எவ்வளவு பேசுகிறான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்! மேடையில் மட்டுமன்று, பிரசங்கத்திலும் அவனுக்காக நாமே பேசிவிடுகிறோம். தன்னை நம்பாமல் போன ஒருவனை ஒரு பெண் கண்கலங்க நோக்கி நிற்பதையும், அந்த ஐயத்தின் நடுவில்தான் இறைமகனின் வருகை தொடங்குகிறது என்பதையும், விளக்கம் ஏதும் தராமல் இப்படம் காட்டிவிடுகிறது. மனுவுருவாதலைப் பற்றிய பாடமாக இக்காட்சி ஒன்றே போதும் என்பது நம் எண்ணம்.

படத்தில் நடித்தோர் தொழில்முறை நடிகர் அல்லர். தென் இத்தாலியின் வறண்ட மலையூர்களே பெத்லகேமாகவும் எருசலேமாகவும் அமைந்தன. சாஸ்திரிகள் குழந்தையைப் பணியும் வேளையில் ஒலிப்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் அடிமைக்காலத் துயரப்பாடல் ஒன்று. தாயற்ற பிள்ளையின் ஏக்கம் அதன் பொருள். பொன்னும் தூபவர்க்கமும் வைக்கப்படும் இடத்தில் இப்படியொரு குரலை வைக்கத் துணிந்தது வெறும் புதுமை வேட்கையன்று. அடுத்து வரப்போவதை அக்குரல் முன்னறிவிக்கிறது. ஏரோதின் வீரர்கள் மேட்டில் காத்து நிற்கின்றனர்; பின்னர்ச் சரிவில் பாய்ந்திறங்குகின்றனர்; தாய்மார் துணிப்பொதிகளை அணைத்தவாறு ஓடுகின்றனர். இவ்விடத்தில் மட்டும் இயக்குநரோடு நமக்கு உடன்பாடில்லை. ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ என்னும் போர்ப் படத்திற்காகப் புரோக்கோபியெவ் அமைத்த இசையை அவர் இங்கே முழக்குகிறார். அது போர்க்களத்துக்குரிய பெருமிதத்தைக் கொலைக்களத்துக்கு ஏற்றிவிடுகிறது. தொடக்கத்தில் அத்துணை மௌனம் காத்தவர் இங்கும் காத்திருக்கலாம்.

மற்ற இரு படங்களும் விவிலியக் கதைகளல்ல. போலந்து நாட்டு இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி 1988இல் தொலைக்காட்சிக்கென எடுத்த பத்துக் கட்டளைகள் வரிசையில் மூன்றாவது படம் ஓய்வுநாள் கட்டளையைப் பற்றியது. (கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதனை மூன்றாவதாக எண்ணுவர், நம்மில் பலருக்கு அது நான்காவது.) வார்சாவில் கிறிஸ்துமஸ் முன்னிரவு. யானுஷ் என்னும் வாடகைக்கார் ஓட்டுநன், கிறிஸ்துமஸ் தாத்தா வேடமணிந்து தன் பிள்ளைகளை மகிழ்விக்கிறான். முன்பு அவனோடு தகாத உறவிலிருந்த ஏவா அன்றிரவு வந்து, தன் கணவனைக் காணவில்லை, தேடித்தர வேண்டும் என்கிறாள். மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு அவன் அவளோடு மருத்துவமனை, பிணவறை, இரயில் நிலையம் என்று இரவெல்லாம் அலைகிறான். விடியலில்தான் உண்மை தெரிகிறது: கணவன் அவளைப் பிரிந்து மூன்றாண்டுகள் ஆகிவிட்டன. அவ்விரவைத் தனியே கழிக்க நேர்ந்தால் உயிரை மாய்த்துக்கொள்வது என்றும், காலை ஏழு மணிவரை அவன் உடனிருந்தால் வாழ்வது என்றும் அவள் தனக்குள் உறுதி செய்திருந்தாள்.

பரிசுத்த நாளை அவன் மீறினானா, ஆசரித்தானா? மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் ஓய்வுநாளில் உயிரைக் காப்பது பற்றி ஆண்டவர் எழுப்பும் வினா இங்கே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அவ்வினாவைக் கொண்டு யானுஷை எளிதில் விடுவித்துவிட முடியாது. வீட்டில் விழித்திருந்த மனைவி எல்லாவற்றையும் அறிந்தே இருக்கிறாள். அவளுக்கு நேர்ந்த இழப்பை இயக்குநர் குறைத்துக் காட்டவில்லை. கிறிஸ்துமஸ் இரவில் தனித்திருப்போரின் துயரத்தை இவ்வளவு கண்டிப்போடு காட்டிய படம் வேறொன்றை நாம் அறியோம்.

ஜப்பானியரான சட்டோஷி கோன் 2003இல் உருவாக்கிய ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ ஓவியங்களால் இயங்கும் படம். வீடற்றோருக்கு உணவளிக்குமுன் கிறிஸ்தவர் நடத்தும் பிறப்பு நாடகத்தோடும் பிரசங்கத்தோடும் அது தொடங்குகிறது. கேட்போரின் கவனம் கஞ்சியில்தான் இருக்கிறது. குடிகாரனான ஜின், திருநங்கையான ஹானா, வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுமி மியூகி ஆகிய மூவரும் அன்றிரவு குப்பைக்குவியலில் ஒரு பச்சிளங் குழந்தையைக் கண்டெடுக்கின்றனர். ஒருநாளேனும் தாயாக இருக்க விரும்பும் ஹானா, குழந்தைக்குப் பெயரிட்டுச் சீராட்டுகிறாள். பெற்றோரைத் தேடி மூவரும் செல்லும் வழியில் தற்செயல்கள் அளவுக்கு மீறி அடுக்கப்பட்டுள்ளன; பிற்பாதி நமக்குச் சற்றே அலுப்பைத் தந்தது. எனினும் ஹானாவைப் போன்றோரைக் கேலிக்குரியவராக்கும் படங்களுக்கிடையே, அவளுடைய தாய்மை ஏக்கத்தை இப்படம் மதிப்போடு நடத்துகிறது. வாலிபர் கூட்டங்களில் காட்டுவதற்கு மூன்றினுள் இதுவே எளிதானது. பேச்சு சில இடங்களில் கரடுமுரடானதாகையால், போதகர் முன்னதாகத் தாம் ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.