மழைக் கொழுந்தும் பனிக் கொழுந்தும்: நீலகிரித் தேயிலையின் பருவங்கள்

மார்கழி பிறக்கும் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பின்வாங்கத் தொடங்கும். வண்டலூர் காப்புக்காட்டின் மேல் வானம் துலங்கும், விடியற்காலை ஜி.எஸ்.டி. சாலையில் லேசாகப் பனி படரும். அதே நாள்களில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டக்காரர்கள் வெப்பமானியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வங்கக் கடலிலிருந்து வந்து மூடியிருந்த மேகம் போய்விட்டது. மேகம் இருக்கும்வரை பகல் வெப்பம் இரவில் முழுதாக வெளியேறாது. அது விலகிவிட்டால் மலைச்சரிவு இரவோடு இரவாகக் குளிர்ந்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை நீளும் இந்தக் குளிர்ந்த வறட்சியில் பறிக்கும் கொழுந்தில்தான் நீலகிரித் தேயிலையின் உச்ச மணம் இருக்கிறது.

மாம்பழத்துக்குப் பருவம் பார்க்கிற தமிழ் வீடுகளில், தேயிலைக்குப் பருவம் கேட்பவர் அரிது. எந்த ஆலை, என்ன ரகம், கிலோ என்ன விலை என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. நான்காவது கேள்வி எந்த மாதத்துக் கொழுந்து என்பது. மற்ற மூன்றையும்விட அதுவே கோப்பையின் குணத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தேயிலைத் தளிர் நீள்வதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்ளும். ஜூலை மழையில் பறித்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி கொழுந்து நிற்கும். ஜனவரியில் அதே செடிக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். மழையில் விறுவிறுவென்று நீளும் தளிரில் நீர் மிகுதி. மணம் தரும் பொருள்கள் அதில் நீர்த்துப்போகின்றன. குளிரில் மெல்ல வளரும் தளிரில் அவை செறிந்து தங்குகின்றன. லினலூல், ஜெரானியால் என்ற இரண்டும் அவற்றில் முக்கியமானவை. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியாலேதான் நல்ல குளிர்காலத் தேநீரிலும் பூவாசனையாக எழுகிறது. அசாமில் குளிர்காலத்தில் செடி உறங்கிவிடுவதால் பறிப்பே நின்றுவிடும். நீலகிரியில் பன்னிரண்டு மாதமும் கொழுந்து கிடைக்கும். ஆகவே ஒரே செடியின் மழை முகத்தையும் பனி முகத்தையும் ஓர் ஆண்டுக்குள் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த மலைக்கு வாய்த்திருக்கிறது.

‘ஃப்ராஸ்ட் டீ’ என்ற பெயரில் இந்தப் பருவத் தேயிலை வெளிநாடுகளில் விற்கிறது. பெயர் அப்படி இருந்தாலும் உறைபனி விழுந்த இலையில் நல்ல தேயிலை செய்ய முடியாது. இலையின் உயிரணுக்களுக்குள் நீர் பனிக்கட்டியாகி அவற்றைக் கிழித்துவிடும். வெயில் ஏறியதும் கொழுந்து தீய்ந்ததுபோலக் கருகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தை நோக்கி வழிவது. அதனால் ஓடைக்கரையில் இருக்கும் செடிகள் கருகிக் கிடக்க, அதே தோட்டத்தில் சற்று மேலே சரிவில் நிற்கும் செடிகள் உறைபனியின் விளிம்பு வரை போய்த் தப்பித்து, ஆண்டின் மிக மணமான கொழுந்தைத் தரும். பள்ளத்தில் நிலம் உள்ள சிறு விவசாயிகள் மாலையிலேயே பெரணித் தழையை வெட்டிச் செடிமேல் பரப்பிவைப்பார்கள். ஒருவருக்கு நஷ்டம் தரும் இரவுதான் அடுத்த சரிவுக்காரருக்கு மணத்தைத் தருகிறது.

வானிலை இரண்டாம் முறை வேலை செய்வது ஆலைக்குள். பறித்த இலையை முதலில் வாட்ட வேண்டும். நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பசுந்தேயிலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வைப்பார்கள். பதம் பார்ப்பது கையால்தான். ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டால் சரியாக வாடியது உதிராமல் உருண்டையாகவே நிற்கும். காம்பு ஒடியாமல் வளையும். இலையில் இருந்த பச்சை வாடை போய், பழ வாசனை லேசாக எழும். தை மாதத்துக் காற்று தானாகவே உலர்ந்திருப்பதால் இந்தப் பதம் சிரமமில்லாமல் கூடிவரும். ஆடி மழையில் இலை சொட்டச் சொட்ட வரும். சுற்றியுள்ள காற்றிலும் ஈரம். விறகோ வேறு எரிபொருளோ எரித்துச் சூடான காற்றை ஊதித்தான் வாட்ட முடியும். அவசரச் சூட்டில் வாடிய இலை எவ்வளவு தேர்ந்த கையில் உருண்டாலும் அதன் மணம் குறைவுதான். அடுத்து வரும் ஆக்சிஜனேற்றமும் குளிர்ந்த அறையில் நிதானமாக நடந்தால்தான் தேநீருக்குத் துலக்கமான செம்பொன் நிறமும் நாவில் சுருக்கென்று படும் உயிர்ப்பும் கிடைக்கும். செடியில் குளிர் சேர்த்துவைத்ததை ஆலையின் குளிர்தான் காப்பாற்றிக் கொடுக்கிறது.

மழை என்றால் எவ்வளவு மழை என்பதைத் தென்சென்னைப் புறநகர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதையும், முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதையும் அவர்கள் மறக்கவில்லை. நீலகிரியின் மேற்குப் பக்கம் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. அவ்வளவு பெரிய மழையில் மண் சரியும், பாதை போகும். கொழுந்தின் மணத்தைப் பற்றிப் பேச நேரமிருக்காது. சாதாரண மழைக்காலமே போதும், கொப்புள நோய் வந்துவிடும். 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களில் புகுந்த இந்தப் பூஞ்சை, ஈரமும் மூட்டமும் நீடித்தால் இளம் இலையில் கொப்புளம் போடும். வெயில் கடுத்தாலோ சிவப்புச் சிலந்தி.

ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வேறுபாடு வருவதற்கு இரு பருவமழைகளும் மலையின் எதிரெதிர்ப் பக்கங்களைத் தாக்குவதே காரணம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கு மழைக்கு நேராக நிற்கிறது. உயரமும் குறைவு, சுமார் ஆயிரம் மீட்டர்தான். அங்கே விளைச்சல் அதிகம், சாயம் அழுத்தம். குன்னூரும் கோத்தகிரியும் ஆறாயிரம் அடி மட்டத்தில், கிழக்கு நோக்கிய சரிவுகளில், வடகிழக்கு மழையை வாங்கிக்கொண்டு நிற்கின்றன. குளிர்காலத்தில் மணக்கும் தேயிலைக்குப் பேர்போன கிளெண்டேல், கைர்பெட்டா, ஹவுக்கல் போன்ற தோட்டங்கள் இந்தப் பக்கத்தவை. இன்னும் மேலே குந்தா மலைகளில் கொரக்குந்தா, ஏறத்தாழ எட்டாயிரம் அடியில்; உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று. மாவட்டம் தாண்டி ஆனைமலையில் வால்பாறை தனிக் குணம் கொண்டது. அதன் அருகே உள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டின் மிக ஈரமான இடங்களில் ஒன்று என்பதைச் சொன்னால் அங்கத்திய தேநீர் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகித்துவிடலாம்.

பருவத்தைத் தரமாகவே ஏற்றுக்கொண்ட மரபு கடலுக்கு அப்பால் தமிழர் உழைப்பில் வளர்ந்தது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, மலையகத் தமிழரின் கைகளில் பெருந்தொழிலானது. அங்கே ஆண்டுக்கு இரண்டு தரப் பருவங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் ஹட்டன், தலவாக்கலை சூழ்ந்த திம்புல வட்டாரத்துக்கு; ஜூலை முதல் செப்டம்பர் வரை கிழக்கே பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை சூழ்ந்த ஊவாவுக்கு. தென்மேற்குக் காற்று மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்த கச்சான் காற்றாக ஊவாவில் இறங்கும். வாட்டும் அந்தக் காற்றில் செடி தவிக்கும்போது இலையில் மெத்தில் சாலிசிலேட் கூடுகிறது. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மணப்பதும் இதே பொருள்தான். ஊவாப் பருவத் தேநீரில் மூக்கைத் தொடும் அந்தக் குளிர்ச்சி மணத்துக்காகவே கொழும்பு ஏலத்தில் வாங்குபவர்கள் காத்திருப்பார்கள். காற்று சரியாக வீசாத ஆண்டில் பருவம் தவறிவிட்டது என்று தரகர் அறிக்கைகளே சொல்லிவிடும்.

டார்ஜிலிங் இதையே உறையின் மேல் அச்சிட்டு விற்கிறது. மார்ச், ஏப்ரலில் பறிப்பது முதல் பருவம். மே, ஜூனில் இரண்டாம் பருவம். பிறகு மழைப் பருவம், இலையுதிர்ப் பருவம். நான்குக்கும் நான்கு விலை. இத்தாலியின் பியமொந்தே வட்டாரத்தில் இது இன்னும் கண்டிப்பானது. அங்கே நெபியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ என்ற சிவப்பு மதுவை, சட்டப்படி குறைந்தது 38 மாதம் வைத்திருந்துதான் விற்கலாம். புட்டியில் அறுவடை ஆண்டு இருக்கும். 2003-இல் ஐரோப்பாவை வாட்டிய வெயிலில் பழம் சர்க்கரை மிகுந்து, புளிப்புக் குறைந்து, மது கனத்தது. அதற்கு முந்தைய 2002-இல் மழையும் ஆலங்கட்டியும் கெடுத்ததால் பல தயாரிப்பாளர்கள் தங்கள் உயர்ந்த பெயரில் மதுவே வெளியிடவில்லை. வானிலை கெட்டால் அதை ஒப்புக்கொள்வதும் அங்கே தரத்தின் ஒரு பகுதி.

நீலகிரிக்கு வயது குறைவில்லை. 1835-இல் கேத்தியில் இருந்த அரசுப் பரிசோதனைப் பண்ணையில் சீனத் தேயிலை நடப்பட்டது. 1850-களில் தோட்டங்கள் எழுந்தன. குளிரைத் தாங்குவது சீன வகை, விளைச்சல் தருவது அசாம் வகை. பிறகு வந்த ஆராய்ச்சியும் தேர்வும் இரண்டின் குணத்தையும் இணைக்கப் பார்த்தன. கிரெய்க்மோர் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த சி.ஆர். 6017 என்ற ரகம் மணத்துக்காகவே இன்றும் பேசப்படுகிறது. தோட்ட முதலாளிகளின் கூட்டமைப்பான உபாசி 1893-இல் உருவாகி, இன்றும் குன்னூரிலிருந்து இயங்குகிறது.

செய்முறைகள் இரண்டு. வாடிய இலையை உருட்டி முறுக்கும் பழைய வழி ஆர்த்தடாக்ஸ். பற்கள் கொண்ட உருளைகளுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டும் வழி சி.டி.சி.; 1930-களில் அசாமில் பிறந்த இயந்திரம் அது. சி.டி.சி.யில் இலை முழுக்கக் கிழிபடுவதால் ஆக்சிஜனேற்றம் விரைவாக முடிந்து, சாயமும் கடுமையும் உடனே இறங்கும். நுண்மணம் பெரும்பாலும் போய்விடும். ஆக, பருவம் தெரிவது ஆர்த்தடாக்ஸில்தான். 2006-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் டைகர்ஹில் தோட்டத்து ஆர்த்தடாக்ஸ் தேயிலை கிலோ 600 டாலருக்குப் போனதைத் தோட்டக்காரர்கள் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் நீலகிரியின் பெரும்பகுதி இலை சி.டி.சி. உருளைக்குள்தான் போகிறது. தை மாதக் கொழுந்தும் அதில் சேர்ந்தே அரைபடுகிறது. இதைத் தடுக்க முடியும் என்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தர அளவுகோல்கள் இருக்கின்றன. அவை வேறு எதையோ அளக்கின்றன. ஆரஞ்சு பீக்கோ, புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ, ஃபேனிங்ஸ், சூப்பர் ரெட் டஸ்ட் என்ற கிரேடுகள் எல்லாம் சல்லடையில் பிரிந்த துகளின் அளவும் தோற்றமும்தான். மணத்துக்கான மதிப்பெண் அல்ல. கறுப்புத் தேயிலைக்கான பன்னாட்டுத் தரம், வெந்நீரில் கரையும் பொருள் 32 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. அது கலப்படத்தைப் பிடிக்கும், பருவத்தைக் காட்டாது. பருவத்தைக் காட்டுவது டேஸ்டரின் நாக்கு. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம் என்ற நெறியில் ஊறவைத்து, கிண்ணங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உர்ரென்று உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்கின் பின்பக்கம் ஏறும். 1963 முதல் நடக்கும் குன்னூர் ஏலத்தில் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விற்பனை எண் உண்டு. ஜனவரி முதல் வாரம் எண் 1. அந்த எண்ணைப் பார்த்தாலே வியாபாரிக்குக் கொழுந்தின் காலம் தெரிந்துவிடும். அவரோடு அந்தத் தகவல் நின்றுவிடுகிறது. பிறகு பல ஆலை, பல மாதச் சரக்கு கலந்து, ஆண்டு முழுதும் ஒரே சுவை தரும் பாக்கெட்டாகக் கடைக்கு வருகிறது.

கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைச் சுற்றியும் வண்டலூர் ரயிலடி வழியிலும் உள்ள டீக்கடைகளுக்கு அந்த ஒரே சுவை தேவை. துணிப்பையில் டஸ்ட்டைப் போட்டு, பாய்லர் வெந்நீரை ஊற்றி, திக்கான டிகாஷன் இறக்கி, பாலும் சர்க்கரையும் சேர்ந்த பின்னும் நிறமும் கடுமையும் நிற்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு வருகிற ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அதுதான் தேநீர். அந்தத் தேவை நியாயமானது, அதற்கு மழைக்காலத்து சி.டி.சி. சரக்கே போதுமானது. குளிர்காலக் கொழுந்தையும் கொண்டுபோய் அதிலேயே கொட்டுவதில்தான் இழப்பு.

இழப்பு யாருடையது என்று பார்த்தால், முதலில் படுகர் உள்ளிட்ட பல்லாயிரம் சிறு விவசாயிகளுடையது. ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பசுந்தேயிலை வேண்டும். அந்தப் பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு 2023-இல் கோத்தகிரிப் பக்கம் அவர்கள் தொடர் போராட்டம் நடத்தினார்கள். மாதத்துக்கு ஒரு மாவட்டச் சராசரி விலை என்ற கணக்கில் மணத்துக்குத் தனி இடமில்லை. ஜனவரியில் பறிப்புக் குறைந்து, பனியில் பாதி கருகி, மிஞ்சிய நல்ல கொழுந்துக்கும் சராசரி விலைதான். பெரிய தோட்டங்கள் குளிர்காலச் சரக்கைத் தனியே உருட்டிப் பெயர் போட்டு விற்றுக்கொள்கின்றன. சிறு விவசாயிகளின் கூட்டுறவு இணையமான இன்கோசர்வின் கீழ் உள்ள 16 ஆலைகளில் ஒன்றிரண்டாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, சரிவு நிலத்து இலையைத் தனியாக வாங்கி, ஆர்த்தடாக்ஸாக உருட்டி, ஊர்ப் பெயரும் பறித்த மாதமும் அச்சிட்டுத் தரலாம். ரேஷன் கடை வரை ‘ஊட்டி டீ’யைக் கொண்டுவந்து சேர்த்த அமைப்புக்கு, இருநூறு கிராம் தை மாதத் தேயிலையைத் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் அனுப்புவது பெரிய காரியமல்ல. வாங்குபவர் அதைப் பாலில்லாமல் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும். கொழுந்துக்கு இரண்டு விலை சொல்லும் துணிவு ஆலைக்கு அதற்குப் பிறகுதான் வரும்.